வெயில் தாங்கும் விதை யார் கையில்?



கோதுமையைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்ம பக்கத்தில் நெல் உண்டு, உளுந்து உண்டு, கரும்பு உண்டு. கோதுமை வயலைக் கண்ணால் பார்த்தவர் ஊருக்கு ஒருவர் தேற மாட்டார். ரேஷனில் போடுகிற கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வருவதோடு நம் சகவாசம் முடிந்தது.

ஆனாலும் சங்கக் கமிட்டியில் கேட்டு இந்தப் பக்கங்களைக் கோதுமைக்காக வாங்கியிருக்கிறேன். வெயிலால் ஒரு பயிர் கெட்டால் அரசாங்கம் என்ன செய்யும், விஞ்ஞானி என்ன செய்வார், வியாபாரி என்ன செய்வான், கம்பெனி எப்போது உள்ளே வரும் என்பதையெல்லாம் பஞ்சாப், அரியானா விவசாயிகள் 2022ஆம் வருஷம் ஒரே பருவத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். நெல்லுக்கும் அதே கதை வாசல் வரை வந்துவிட்டது. வடக்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் நாம் கோரிக்கையைச் சரியாக எழுதலாம். அதற்குத்தான் இது.

2022 மார்ச் மாதத்தில் நாடு முழுக்கச் சராசரிப் பகல் வெப்பம் 33.1 டிகிரி. 1901இல் கணக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு சூடான மார்ச் இருந்ததில்லை. அந்த மாதம்தான் வடக்கே கோதுமைக் கதிரில் பால் பிடித்து மணி திரளுகிற மாதம். நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கிற பயிர் அது. குளிரில் வளர்ந்து, குளிர் விடும்போது முற்றி, வெயில் ஏறும்போது களத்துக்கு வரவேண்டும். அந்த வருஷம் வெயில் பயிரை முந்திக்கொண்டது.

அப்போது பயிருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நெல்லுக்கும் இது உதவும். பயிர் பகலில் இலையில் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை மணிக்குள் போய் மாவாக மாறவேண்டும். மாவாக்குகிற வேலையைச் செய்யும் நொதி சூட்டில் சோர்ந்துபோகிறது. சரக்கு வந்து இறங்கியும் மில் ஓடாத மாதிரி. அதோடு இலையும் சீக்கிரம் பழுத்துவிடும். முற்றுவதற்கு இருக்கவேண்டிய நாள் குறைந்துவிடும். பூக்கிற சமயத்திலேயே சூடு பிடித்தால் மகரந்தம் செத்து மணியே கட்டாது. பூத்த பிறகு பிடித்தால் மணி கட்டும், ஆனால் சுருங்கிப்போகும். 2022இல் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது. வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பயிர். கதிரைக் கசக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பிப்ரவரியில் அரசாங்கம் போட்ட மதிப்பீடு 1,113 லட்சம் டன். மே மாதம் அதை 1,064 லட்சம் டன்னாகக் குறைத்தார்கள். இது நாட்டுக் கணக்கு. தாமதமாக விதைத்தவனுடைய வயலில் அடி இதைவிடப் பலமாக இருந்திருக்கும் என்பதைக் கணக்கு தெரியாதவனும் சொல்வான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அந்தச் சமயத்தில் உக்ரைன் யுத்தம். உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறிவிட்டது. ஆதார விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய். வெளி வியாபாரி அதற்கு மேல் கொடுக்கத் தயாராக இருந்தான். அரசாங்கக் கொள்முதல் முந்தைய வருஷம் 433 லட்சம் டன் இருந்தது 188 லட்சம் டன்னாக இறங்கியது. விளைச்சல் போனவனுக்கு விலையாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், மே 13ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். நகரத்தில் இருக்கிறவன் சாப்பிட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். அதற்குண்டான நஷ்டத்தை விவசாயி தலையில் மட்டும் எதற்காகக் கட்டவேண்டும்? குவிண்டாலுக்கு 500 ரூபாய் போனஸ் கொடு என்று பஞ்சாப் சங்கங்கள் கேட்டன. கிடைக்கவில்லை.

ஒன்று கிடைத்தது. சுருங்கிய மணி 6 சதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் செய்யக்கூடாது என்ற விதியை 18 சதம் வரை தளர்த்தி, விலையும் குறைக்காமல் வாங்கினார்கள். அதுவும் போராடிக் கேட்ட பிறகுதான். கொள்முதல் நிலையத்து வாசலில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் என்று சொல்லி மூட்டையைத் திருப்பும்போது நாம் நிற்கிறோமே, அதே நிலைமைதான் அங்கேயும்.

நிவாரணம் என்று கேட்டால் அதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் அப்போது வெள்ளம் உண்டு, வறட்சி உண்டு, ஆலங்கட்டி மழை உண்டு, உறைபனி உண்டு, குளிர் அலைகூட உண்டு. வெப்ப அலை கிடையாது. குளிரில் பயிர் கருகினால் பேரிடர், வெயிலில் கருகினால் தலைவிதி.

இது யாரும் எதிர்பாராத விபத்தா? இல்லை. 1991லேயே எஸ்.கே. சின்காவும் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் எழுதிவிட்டார்கள். குளிர்கால வெப்பம் அரை டிகிரி கூடினால் ஹெக்டேருக்கு 450 கிலோ கோதுமை குறையும் என்று. ஏக்கர் கணக்கில் 180 கிலோ சொச்சம். 2015இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து போட்ட கணக்கில், உலகச் சராசரியாக ஒரு டிகிரி ஏறினால் கோதுமை 6 சதம் குறையும் என்று வந்தது. எச்சரிக்கை வந்து முப்பது வருஷம் ஆகியும் வெயிலுக்கு நிவாரணப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை என்றால், கோப்பு எந்த மேஜையில் தூங்கியது?

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், கர்னாலில் கோதுமை ஆராய்ச்சி நிறுவனம், லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம், இந்தூரில் ஒரு நிலையம் என்று பல இடத்தில் வெயில் தாங்கும் ரகத்துக்காக வருஷக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. எல்லாம் நம் வரிப்பணத்தில் நடக்கிற நிலையங்கள்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? முறை நமக்குப் புரிகிற முறைதான். ஒரே ரகத்தைச் சரியான பட்டத்தில் ஒரு பாத்தியிலும், வேண்டுமென்றே ஒரு மாதம் பிந்தி இன்னொரு பாத்தியிலும் விதைப்பார்கள். பிந்திய பாத்தி மணி பிடிக்கும்போது வெயிலில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பாத்தியின் மகசூலையும் ஒப்பிட்டு, மற்ற ரகங்களைவிடக் குறைவாக விழுந்தது எது என்று பார்ப்பார்கள். பகலில் பயிர்மேல் கருவியைக் காட்டி இலைச் சூட்டை அளப்பார்கள். வேர் ஆழமாகப் போய் நீர் உறிஞ்சுகிற ரகம் இலை வழியாக வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெயிலில் வேலை செய்கிற ஆளுக்கு வியர்ப்பது போலத்தான். சில ரகம் பூக்கும் முன்பே தண்டில் சர்க்கரையைச் சேமித்து வைத்து, இலை சோர்ந்த பிறகு அதை எடுத்து மணியை நிரப்பும். சில ரகத்தின் இலையில் சாம்பல் பூத்த மாதிரி மெழுகு இருக்கும். இந்தக் குணங்கள் பலவும் பழைய நாட்டு ரகங்களிலிருந்தும் காட்டுச் சொந்தங்களிலிருந்தும் வந்தவை. அதாவது, எந்த ஊர் விவசாயியோ தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்த விதையிலிருந்து வந்தவை. யாருக்கு உரிமை என்ற பேச்சு வரும்போது இதை மறக்கக்கூடாது.

பாரம்பரிய ரகமே போதும், புதுசு எதற்கு என்று நம்மில் சில நண்பர்கள் சொல்கிறார்கள். கோதுமையில் சி 306 என்று 1965 வாக்கில் வந்த உயரமான ரகம் ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தாலும் வெயில் அடித்தாலும் தாங்கும், ரொட்டிக்கும் ருசி. மகசூல் மட்டும் புது ரகத்தின் பக்கத்தில் நிற்காது. குத்தகையும் கட்டி வட்டியும் கட்டுகிறவனிடம் அதை மட்டும் போடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த விதை அழியக்கூடாது. அதன் குணத்தைப் புது ரகத்துக்குக் கொண்டுவரவும் வேண்டும். இரண்டும் செய்யலாம், சண்டை தேவையில்லை.

வெயிலைத் தாங்குவது ஒரு வழி. வெயில் வருமுன் தப்பித்துக்கொள்வது இன்னொரு வழி. நவம்பருக்குப் பதில் அக்டோபர் 20 வாக்கில் விதைத்துவிட்டால் மார்ச் சூட்டுக்குள் மணி முற்றிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அக்டோபரில் விதைத்தால் சாதாரண ரகம் அந்தக் கதகதப்பில் ஏமாந்து, சீக்கிரமே கதிர் தள்ளிவிடும், தூர் கட்டாது. கொஞ்ச நாள் குளிர் பட்டால் ஒழிய கதிர் தள்ளமாட்டேன் என்று அடம்பிடிக்கிற குணம் வேண்டும். அந்தக் குணத்தை வைத்து டெல்லி விஞ்ஞானிகள் முதலில் 2016இல் ஒரு ரகம் விட்டார்கள். மகசூல் நன்றாக இருந்தது, ஆனால் உயரமாகப் போய்ச் சாய்ந்துவிடும். அடுத்து 2022இல் எச்.டி. 3410 கொஞ்சம் குட்டையாக வந்தது. அதற்கும் அடுத்தது எச்.டி. 3385, சுமார் 95 சென்டிமீட்டர். மூன்று தரம் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு நாம் கைதட்டலாம்.

அக்டோபர் 20க்கு நிலம் காலியாக இருக்கவேண்டுமே என்று ஒரு கேள்வி உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று 2009இல் ஒரு சட்டம் போட்டு, ஜூன் 10க்கு முன் நெல் நடக்கக்கூடாது என்றார்கள். தண்ணீருக்காகப் போட்ட சட்டம், நல்ல நோக்கம். நடவு பிந்தியது, அறுப்பும் பிந்தியது, வைக்கோலை அள்ள நாள் இல்லாமல் கொளுத்தினார்கள், கோதுமை விதைப்பும் நெருக்கடியில் மாட்டியது, கடைசியில் மணி மார்ச் வெயிலில் காய்ந்தது. ஒரு இடத்தில் இழுத்தால் இன்னொரு இடத்தில் கிழிகிறது. தாளை எரிக்காமல் அதற்குள்ளேயே விதைக்கிற இயந்திரம் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரன் அதை வாடகைக்கு எடுத்துத் தன் முறை வருவதற்குள் பெரிய பண்ணைக்காரன் வயல் முளைத்திருக்கும். விதையை மட்டும் மாற்றி எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். எச்.டி. 3385 ரகத்தைப் பல இடங்களில் சோதித்துப் பார்க்கவும் விதை பெருக்கவும் 2023இல் டி.சி.எம். ஸ்ரீராம் நிறுவனத்தின் பயோசீட் பிரிவுக்கு உரிமம் கொடுத்தார்கள். ரகத்தைப் பதிவு செய்து ஆராய்ச்சிக் கழகத்தின் பேரில்தான் வைத்திருக்கிறார்கள். சட்டப்படி தப்பு என்று சொல்ல வரவில்லை. விஞ்ஞானிகள் பக்கம் சொல்லும் நியாயம், நல்ல விதை சீக்கிரம் பரவவேண்டும், அரசாங்க விதைப்பண்ணைக்கு அந்தத் திராணி இல்லை என்பது. நான் கேட்பது இதுதான்: அந்தத் திராணி ஏன் இல்லை? பண்ணையில் ஆள் போடாதது யார்? ஓய்வு பெற்றவர் இடத்தைக் காலியாகவே விட்டது யார்? முதலில் அரசுப் பண்ணையைப் பட்டினி போடுவது, பிறகு அது மெலிந்துவிட்டது, தனியாரைக் கூப்பிடுவோம் என்பது. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்த பழைய பாட்டு.

கோதுமையும் நெல்லும் தானே கரு சேர்ந்து காய்க்கிற பயிர். இந்த வருஷம் வாங்கினால் அடுத்த வருஷம் நம் விதையையே எடுத்து வைக்கலாம். 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அந்த உரிமையை எழுத்தில் கொடுத்திருக்கிறது. பதிவு செய்த ரகமாக இருந்தாலும் விவசாயி எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பேர் போட்டுப் பாக்கெட் கட்டி விற்பதுதான் கூடாது. இந்தப் பிரிவைப் பிள்ளைகளிடம் சொல்லி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இருந்தும் 2019இல் குஜராத்தில் என்ன ஆனது? தன் ரக உருளைக்கிழங்கைப் பயிர் செய்தார்கள் என்று பெப்சிகோ கம்பெனி சிறு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு வாபஸ் வாங்கியது. எதிர்ப்பு கிளம்பியிருக்காவிட்டால்? 2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதா வரைவை வெளியிட்டது. எந்தப் பேரில் எந்தச் சட்டம் வந்தாலும் 39ஆம் பிரிவில் ஒரு எழுத்தும் குறையக்கூடாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லியில் பிரதமர் 109 பயிர் ரகங்களை வெளியிட்டார். அதில் பூசா கோதுமை ஷர்பதி, எச்.ஐ. 1665 என்று ஒரு ரகம். கடைசிக் கால வெயிலைத் தாங்கும், குறைந்த பாசனத்தில் ஹெக்டேருக்கு 33 குவிண்டால், அதாவது ஏக்கருக்குச் சுமார் 13 குவிண்டால் வரும் என்கிறார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகத்தோடு தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் அதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்திரிகையில் 109 என்ற எண் வந்தது. விதை மூட்டை வந்ததா?

கோதுமை ஆராய்ச்சி நமக்கு அந்நியமும் இல்லை. நீலகிரி வெலிங்டனில் டெல்லிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. வடக்கே வயல் காய்ந்து கிடக்கும் கோடையில் அந்தக் குளிரில் இன்னொரு போகம் எடுத்து ஆராய்ச்சியை ஒரு தலைமுறை முன்னால் தள்ளுகிறார்கள். நாம் ரவைக்கு வாங்குகிற சம்பா கோதுமையிலும் அங்கே ரகம் விட்டிருக்கிறார்கள். நாளைக்கே எல்லோரும் கோதுமை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணுக்கு, நம் தண்ணீருக்கு, நம் சந்தைக்கு ஒத்துவருமா என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் அரை ஏக்கரில் அரசாங்கச் செலவில் போட்டுக் காட்டட்டும். பார்த்துவிட்டு முடிவெடுக்கிற புத்தி நமக்கு உண்டு.

ஒரு ரகம் வெளியிடப்பட்டது என்பதற்கும் அது நம் கைக்கு வந்தது என்பதற்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து நீல அட்டை கட்டிய சான்று விதை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம். எங்கேயாவது ஒரு படியில் நிதி இல்லை என்றால் ரகம் காகிதத்திலேயே நின்றுவிடும். போன வருஷம் ஒரு விரிவாக்க மையத்தில் புது நெல் ரகம் ஒன்றைக் கேட்டுப் போனேன். பலகையில் பேர் எழுதியிருந்தது, இருப்பு இல்லை. பக்கத்துத் தெருக் கடையில் அதே பேரில் மூட்டை இருந்தது, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, நீல அட்டை இல்லை. சரவணப்பொய்கையில் முங்கினாலும் போகாத சந்தேகம் எனக்கு, அது அந்த ரகம்தானா என்று.

நெல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நெல் வெயில் பயிர், அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். பூக்கிற நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலே மகரந்தம் கெட்டுப் பதர் விழும். நெல் முற்பகலில் பூக்கிற பயிர். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவ்வளவு சூடு இருக்காது. கோடை நெல் போட்டவர்கள் கதிரை நிமிர்த்திப் பார்த்து, குலை நோயா, சத்துக் குறைவா என்று மருந்துக் கடைக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். சில பேருக்கு நோயாகவே இருந்திருக்கும். சில பேருக்கு அது வெறும் வெயில். அடித்த மருந்து அத்தனையும் வீண். இரவுச் சூடும் சேர்ந்துகொள்கிறது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட கணக்கில், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதம் குறைந்திருக்கிறது. வெயில் தாங்கும் நெல்லுக்கு உலகமே தேடிப் போகிற ரகம் நம் நாட்டு நாகினா 22. சரக்கு நம்மிடம், தட்டுப்பாடும் நம்மிடம்.

எவ்வளவு நல்ல விதையும் ஓரளவுக்குத்தான். வேர் ஆழமாகப் போனாலும் கீழே ஈரம் இருந்தால்தானே உறிஞ்சும்? மார்ச் மாதச் சூட்டில் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள், பொட்டாசியம் நைட்ரேட் 2 சதம் தெளியுங்கள் என்று பஞ்சாபில் ஆலோசனை சொன்னார்கள். நல்ல ஆலோசனை. பாய்ச்ச மும்முனை மின்சாரம் வேண்டும், தெளிக்கக் கையில் காசு வேண்டும். நாளைக்கு ஒரு அதிகாரி நம்மிடம் வந்து, வெயில் தாங்கும் ரகம் கொடுத்தோமே, பிறகு எதற்கு நிவாரணம் என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வி வருமுன் பதிலை நாம் எழுதிவிட வேண்டும்.

ஆகையால் சங்கம் கேட்பது: வரிப்பணத்தில் பிறந்த வெயில் தாங்கும் ரகங்களை முதலில் அரசு விதைப்பண்ணையில் பெருக்கி, விரிவாக்க மையத்தில் சான்று விதையாக, அரசு விலையில் கொடுக்கவேண்டும். கம்பெனிக்கு உரிமம் கொடுத்தால் ஒப்பந்தத்தைப் பொதுவில் வைத்து, விற்கும் விலைக்கு உச்சவரம்பு கட்டவேண்டும். விதைப்பண்ணைக் காலியிடங்களை நிரப்பவேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் மனித உயிருக்குப் பேசியதுபோல் பயிருக்கும் பேசவேண்டும். பயிர்க் காப்பீட்டில் பூக்கும் பருவத்து வெப்பத்தை வருவாய்க் கிராம அளவில் அளந்து சேர்க்கவேண்டும். வெயிலில் சுருங்கிய மணியைக் கொள்முதல் நிலையத்தில் விலை குறைக்காமல் எடுக்கவேண்டும். பஞ்சாபுக்கு 2022இல் செய்ததைத்தான் கேட்கிறோம்.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது கொடியோடு மூன்று பொருள் கொண்டுவாருங்கள். போன கோடையில் பதர் விழுந்த கதிர் வீட்டில் கிடந்தால் ஒரு பிடி. விதை மூட்டையில் கட்டியிருந்த அட்டை, அட்டையே இல்லாமல் வாங்கியிருந்தால் கடை ரசீது. காப்பீட்டுக்குப் பிரிமியம் கட்டிய சீட்டு. ஊர் வாரியாகச் சேர்த்துக் கட்டி, சர்வே எண் எழுதி, மனுவோடு மேஜைமேல் வைக்கப்போகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு இருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடவேண்டும்.